வாரிசுப் பணம் வந்தால் மருத்துவ அட்டை போய்விடுமா?

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் வாழும் முப்பது வயதுப் பெண். பிறவியிலேயே பெருமூளை வாதம். சம்பளத்துக்கு வேலை பார்த்ததில்லை. முதியவர்களிலும் உடற்குறை உள்ளவர்களிலும் ஏழைகளாக இருப்பவர்களுக்கு அரசு தரும் எஸ்எஸ்ஐ என்ற உதவித்தொகை மாதம் 967 டாலர் வருகிறது. 2025-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் உச்ச அளவு அது. கூடவே, ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டின் அட்டை இருக்கிறது. அந்த அட்டையின் பேரில்தான் காலையில் ஓர் உதவியாளர் வந்து அவளை எழுப்பி, குளிப்பாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைக்கிறார். பிள்ளை இல்லாத அத்தை ஒருவர் இறந்துபோகிறார். உயிலில் இவள் பெயருக்கு 40,000 டாலர். மார்ச் மாதம் காசோலை கைக்கு வருகிறது.

மார்ச்சில் அந்தப் பணம் அவளுடைய வருமானம். ஆகவே அந்த மாத உதவித்தொகைக்கு அவளுக்குத் தகுதியில்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் திருப்பிக் கேட்பார்கள். ஏப்ரல் முதல் தேதி பிறந்ததும் மீதிப் பணத்தின் பெயர் மாறிவிடுகிறது. இப்போது அது சொத்து. எஸ்எஸ்ஐ பெறும் தனிநபர் கையில் வைத்திருக்கக்கூடிய சொத்தின் உச்சவரம்பு 2,000 டாலர். கணவன் மனைவி இருவருமே பெறுபவர்களானால் 3,000. எந்த மாதத்தின் முதல் நாளில் அந்த வரம்புக்கு மேல் இருக்கிறதோ அந்த மாதம் முழுக்கத் தொகை கிடையாது. இப்படித் தொடர்ந்து 12 மாதம் நின்றுபோனால் கோப்பையே மூடிவிடுவார்கள். பிறகு புதிதாக விண்ணப்பித்து, பிறவியிலேயே இருக்கும் குறைபாட்டை மறுபடியும் நிரூபிக்க வேண்டும்.

உதவித்தொகை போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். 40,000 கையில் இருக்கும்போது 967 பெரிதா என்று கேட்டால் நியாயம்தான். அடி விழுவது வேறு இடத்தில். பெரும்பாலான மாநிலங்களில் எஸ்எஸ்ஐ கிடைப்பவருக்கு மெடிக்கெய்டும் கிடைத்துவிடும். அது நின்றால் வேறு பிரிவில் தகுதி இருந்தாலொழிய இதுவும் ஆட்டம் காணும். உதவியாளருக்கு மணிக்கு 20 டாலர் என்று வைத்து, நாளுக்கு 8 மணி நேரம் கைக்காசில் கொடுத்துப் பாருங்கள். நாளுக்கு 160 டாலர். அத்தை ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் 250 நாளில் தீர்ந்துவிடும். மருந்து, சக்கர நாற்காலிப் பழுது, மருத்துவமனை எதையும் இதில் சேர்க்கவில்லை.

காப்பீடு வாங்கிக்கொள்ளலாமே என்பது அடுத்து வரும் கேள்வி. அமெரிக்காவின் தனியார் மருத்துவக் காப்பீடு அறுவைச் சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் பணம் கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் தினமும் வீட்டுக்கு வந்து குளிப்பாட்டும் ஆளுக்குப் பொதுவாகக் கொடுக்காது. முதியவர்களுக்கும் உடற்குறை உள்ள சிலருக்கும் அரசு தரும் மெடிக்கேர் காப்பீடும் அப்படியே. அந்தச் செலவை ஏற்பது மெடிக்கெய்ட் ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம். இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சிறுமியின் கதை உண்டு. அயோவா மாநிலத்தின் சீடர் ராப்பிட்ஸ் ஊரைச் சேர்ந்த கேட்டி பெக்கெட், கைக்குழந்தையாக இருந்தபோது வந்த மூளை அழற்சியால் சுவாசக் கருவியை நம்பி வாழ வேண்டியவளானாள். மருத்துவமனையில் இருக்கும்வரை மெடிக்கெய்ட் செலவைப் பார்த்துக்கொண்டது. வீட்டுக்குப் போனால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் சேர்த்து அட்டையைப் பறித்துவிடும். வீட்டில் வைத்துப் பார்ப்பதோ அரசுக்குப் பல மடங்கு மலிவு. 1981 நவம்பரில் அதிபர் ரீகன் செய்தியாளர் சந்திப்பிலேயே இந்த முட்டாள்தனத்தை எடுத்துச் சொன்னார். கேட்டி வீடு திரும்பினாள். அதே ஆண்டில்தான் மருத்துவமனைக்கும் காப்பகத்துக்கும் பதிலாக வீட்டிலேயே பராமரிப்புத் தர மாநிலங்களுக்கு விதிவிலக்கு அளிக்கும் சட்டப் பிரிவும் வந்தது. ‘வெய்வர்’ என்று பெற்றோர்கள் பேசிக்கொள்வது அதைத்தான். 2024-இல் அந்த வெய்வர்களுக்கான காத்திருப்புப் பட்டியல்களில் நாடு முழுக்க 7 லட்சம் பேர் அளவில் நின்றார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கிடைத்த இடம் ஒரு காசோலையால் பறிபோகக்கூடும் என்றால், ஒரு தாய் அந்தக் காசோலையைக் கண்டு ஏன் நடுங்குகிறாள் என்பது புரியும்.

எந்த அட்டை என்று முதலில் பார்க்க வேண்டும்

இந்த விஷயத்தில் குடும்பங்கள் குழம்புவது பெரும்பாலும் பெயர்களில்தான். எஸ்எஸ்ஐ, எஸ்எஸ்டிஐ இரண்டையும் ஒரே சமூகப் பாதுகாப்பு அலுவலகம் கொடுக்கிறது. இரண்டும் உடற்குறை உள்ளவர்களுக்குப் போகின்றன. குணத்தில் இரண்டும் எதிரெதிர். எஸ்எஸ்ஐ ஏழ்மையைப் பார்த்துக் கொடுப்பது. 1972-இல் சட்டமாகி 1974 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எஸ்எஸ்டிஐ, வேலை செய்த காலத்தில் சம்பளத்திலிருந்து கட்டிய வரிக்கு ஈடாக வரும் காப்பீடு. அதற்குச் சொத்து வரம்பு எதுவும் இல்லை. எஸ்எஸ்டிஐ வாங்குபவருக்கு ஒரு மில்லியன் டாலர் வாரிசுப் பணம் வந்தாலும் அந்தத் தொகை நிற்காது. 24 மாதம் கழித்து வரும் மெடிக்கேரும் நிற்காது.

இதைக் கேட்டு நிம்மதிப் பெருமூச்சு விடுபவர்களில் சிலருக்கு இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது: வீட்டுக்கு வரும் உதவியாளருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? எஸ்எஸ்டிஐயும் மெடிக்கேரும் இருப்பவர் பராமரிப்புக்காக மெடிக்கெய்டும் வைத்திருப்பது சாதாரணம். மெடிக்கேரைத் தொடாத சொத்து வரம்பு அந்த மெடிக்கெய்டைத் தொடும்.

22 வயதுக்கு முன் குறைபாடு வந்தவர்களுக்கு இன்னொரு வழி திறக்கிறது. தாயோ தந்தையோ ஓய்வுபெற்றால், உடற்குறைக்கு ஆளானால், அல்லது இறந்தால், அவர்கள் கட்டிய வரியின் பேரில் வளர்ந்த பிள்ளைக்கு மாதத் தொகை வரும். பெற்றோர் உயிரோடு இருக்கும்போது அவர்கள் பெறுவதில் பாதி, இறந்தபின் முக்கால் பங்கு வரை. இதனால் எஸ்எஸ்ஐ போனாலும் மெடிக்கெய்ட் போகக்கூடாது என்று சட்டம் காப்பாற்றுகிறது. ஆனால் அந்தக் காப்பு மாத வருமானத்துக்கு மட்டும். அப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து வந்த 40,000-க்குப் பொருந்தாது. ஒரே மரணத்தில் இரண்டு பணம் வருகிறது. ஒன்றைச் சட்டம் மன்னிக்கிறது, மற்றதை மன்னிப்பதில்லை.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின்படி 2014 முதல் பல மாநிலங்கள் 65 வயதுக்குக் கீழ் உள்ள, குறைந்த வருமானமுள்ள வயதுவந்தோருக்கு மெடிக்கெய்டை விரித்தன. அதற்கு வருமான வரம்பு மட்டுமே; சொத்தைக் கேட்பதில்லை. வாரிசாக வரும் பணம் பொதுவாக வருமான வரிக் கணக்கில் வருமானமே இல்லை என்பதால், அந்த அட்டைக்காரர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுவார்கள். பணம் பின்னால் ஈட்டும் வட்டியும் ஈவுத்தொகையும் மட்டும் கணக்கில் ஏறும். ஆனால் 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் 2027 முதல் இவர்களிடம் மாதம் 80 மணி நேர வேலைக்குச் சான்று கேட்கப்போகிறது. உடற்குறை உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. அதையும் விண்ணப்பித்து நிரூபிக்க வேண்டியிருக்கும். வேலைக்குப் போகும் மாற்றுத்திறனாளிகளுக்கென்று மாதக் கட்டணத்தோடு பல மாநிலங்கள் நடத்தும் மெடிக்கெய்ட் பிரிவில் வரம்பு தாராளமாக இருக்கும். பெற்றோர்கள் அதிகம் கேள்விப்படாத கதவு அது.

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதற்கு கலிபோர்னியாவே சாட்சி. மெடி-கால் என்று அங்கே அழைக்கப்படும் மெடிக்கெய்டுக்குப் பல்லாண்டுகளாக 2,000 டாலர் வரம்பு இருந்தது. 2022 ஜூலையில் அதை 130,000-க்கு உயர்த்தினார்கள். 2024 ஜனவரியில் வரம்பையே எடுத்தார்கள். பட்ஜெட் நெருக்கடி வந்ததும் 2026 ஜனவரியிலிருந்து 130,000-ஐத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நான்கு ஆண்டுக்குள் நான்கு நிலை. அங்கே 40,000 டாலர் வாரிசாகப் பெறும் பெண்ணுக்கு எஸ்எஸ்ஐ போகும், மெடி-கால் வேறு பிரிவில் தொடர வழி இருக்கும். எல்லை தாண்டி வேறு மாநிலத்தில் குடியேறினால் கதை வேறு. ஆகவே ஒரு மாநிலத்துத் தோழி சொன்ன ஆலோசனையை இன்னொரு மாநிலத்தில் அப்படியே பின்பற்றுவது ஆபத்து.

‘எனக்கு வேண்டாம்’ என்று சொல்ல முடியாது

பணத்தைத் தொடாமலே அண்ணனுக்கு விட்டுக்கொடுத்துவிடலாமே என்ற யோசனை எல்லாக் குடும்பத்திலும் எழும். சட்டம் இதை முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. உரிமையுள்ள சொத்தைச் சந்தை மதிப்புக்குக் குறைவாகக் கைமாற்றினால், வாங்க மறுப்பது உட்பட, எஸ்எஸ்ஐ 36 மாதம் வரை நிறுத்தப்படலாம். 1999 டிசம்பரிலிருந்து உள்ள விதி இது. நீண்டகாலப் பராமரிப்புக்கான மெடிக்கெய்ட் 60 மாதம் பின்னோக்கிப் பார்க்கும். கையில் பணமும் இருக்காது, அட்டையும் இருக்காது என்ற நிலைக்கு இது நேராகக் கொண்டுபோய் விடும்.

மறைப்பதும் உதவாது. மாதத்தில் நடந்த மாற்றத்தை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அலுவலகம் வங்கிக் கணக்குகளை மின்னணு முறையில் சரிபார்க்கிறது. இரண்டு வருடம் கழித்துக் கண்டுபிடித்தால் இரண்டு வருடத் தொகையையும் திருப்பிக் கேட்கும் கடிதம் வரும்.

பிறகு என்ன வழி? இந்த விஷயம் முழுக்க ஒரே ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது: பணம் எப்போதாவது அவள் பெயருக்கு வந்ததா, இல்லையா? தொகை எவ்வளவு என்பதும் அவளுடைய தேவை என்ன என்பதும் இரண்டாம் பட்சம். அத்தை உயிலில் மருமகளின் பெயரை எழுதாமல், அவளுக்காக நடத்தப்படும் ‘ஸ்பெஷல் நீட்ஸ் டிரஸ்ட்’ என்ற அறக்கட்டளையின் பெயரை எழுதியிருந்தால், 40,000 என்ன, 4 லட்சமும் அவளுடைய சொத்துக் கணக்கில் ஏறியிருக்காது. பணத்தின் சட்ட உரிமை அதை நிர்வகிக்கும் டிரஸ்டியிடம். செலவழிப்பதா வேண்டாமா என்ற முடிவும் அவரிடம். ‘எனக்குக் கொடு’ என்று கேட்டு வாங்கும் உரிமை அவளுக்கு இல்லாததால்தான் அது அவள் சொத்து ஆவதில்லை. பெற்றோரோ உறவினரோ தங்கள் சொந்தப் பணத்தில் ஏற்படுத்தும் இந்த டிரஸ்டில் அவள் காலத்துக்குப் பிறகு மிஞ்சுவது உடன்பிறந்தாருக்கோ வேறு யாருக்கோ போகலாம். அரசு அதில் பங்கு கேட்பதில்லை.

உயில் எழுதும்போது தவறவிட்டு, பணம் அவள் பெயருக்கு வந்துவிட்டால், இருப்பது வேறு வகை டிரஸ்ட். 1993-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் மெடிக்கெய்ட் விதிகளை இறுக்கியபோது டிரஸ்டுகளுக்குப் பொதுவாகக் கதவைச் சாத்திவிட்டு, உடற்குறை உள்ளவர்களுக்கு ஒரு சந்து விட்டது. 65 வயதுக்குள் இருக்க வேண்டும்; டிரஸ்ட் அவர் ஒருவரின் நலனுக்கானதாக இருக்க வேண்டும்; அவர் இறந்தபின் மிஞ்சுவதிலிருந்து, ஆயுள் முழுக்க அவருக்காக மெடிக்கெய்ட் செய்த செலவை மாநிலம் முதலில் எடுத்துக்கொள்ளும். முப்பது ஆண்டுப் பராமரிப்புச் செலவுக்கு முன்னால் மிச்சம் என்று ஒன்று இருப்பது அரிது. ஆக, அத்தையின் உயிலில் ஒரு வரி மாறியிருந்தால் அண்ணன் பிள்ளைகளுக்குப் போயிருக்கக்கூடிய பணம் மாநிலக் கருவூலத்துக்குப் போகும்.

இந்த 1993 சட்டத்தில் ஒரு விசித்திரம் 23 ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது. இந்த டிரஸ்டைப் பெற்றோரோ தாத்தா பாட்டியோ சட்டப்படியான பாதுகாவலரோ நீதிமன்றமோ ஏற்படுத்தலாம். சம்பந்தப்பட்டவரே ஏற்படுத்த முடியாது. சட்டம் படித்து வழக்காடும் சக்கர நாற்காலிக்காரர்கூடத் தன் பணத்துக்கு டிரஸ்ட் எழுத அம்மாவைக் கூப்பிட வேண்டும், அம்மா இல்லையென்றால் நீதிபதியிடம் மனுப் போட வேண்டும். உடற்குறை என்றாலே புத்திக்குறை என்று எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை. 2016 டிசம்பரில்தான் அது திருத்தப்பட்டது.

தனியாக டிரஸ்ட் வைக்க வழக்கறிஞர் கட்டணம், டிரஸ்டிக்குக் கட்டணம், ஆண்டுதோறும் வரிக் கணக்கு என்று செலவு உண்டு. தொகை சிறிதாக இருந்தால் லாபநோக்கற்ற அமைப்புகள் நடத்தும் கூட்டு டிரஸ்டில் சேரலாம். பலருடைய பணத்தையும் ஒன்றாக முதலீடு செய்து, ஆளுக்கொரு தனிக்கணக்கு வைத்திருப்பார்கள். 65 வயதைத் தாண்டியவர்களையும் இதில் சேர்ப்பதுண்டு. ஆனால் அந்த வயதில் பணம் போடுவதைச் சில மாநிலங்கள் சொத்தைக் கைமாற்றியதாகக் கருதித் தண்டிக்கும்.

டிரஸ்டுடன் வாழ்வது எப்படி

டிரஸ்ட் எழுதியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் பிறகு திணறுவது அன்றாடச் செலவில். டிரஸ்டி அவள் கையில் 100 டாலரை ரொக்கமாகக் கொடுத்தால் அது அவளுடைய வருமானம். மாதத்தில் முதல் 20 டாலரை விட்டுவிட்டு மீதியை எஸ்எஸ்ஐயிலிருந்து அப்படியே கழித்துவிடுவார்கள். அதே 100 டாலரைக் கடைக்காரருக்கு நேரடியாகக் கொடுத்து அவளுக்கு ஹெட்ஃபோன் வாங்கினால் கழிவு இல்லை. பல் கட்டுவது, கணினி, ஊருக்குப் போகும் விமானச் சீட்டு, கூட வரும் துணையாளின் சீட்டு, காருக்குச் சாய்தளம் எல்லாமே இப்படி வாங்கலாம். வாடகை மட்டும் இடைநிலை. டிரஸ்ட் வாடகை கட்டினால் உதவித்தொகை குறையும். எவ்வளவு கட்டினாலும் குறைப்புக்கு ஒரு கூரை உண்டு. உச்ச உதவித்தொகையில் மூன்றில் ஒரு பங்கும் 20 டாலரும் சேர்ந்தது அது, 2025 கணக்கில் 342 டாலர் 33 சென்ட். நல்ல வீடு கிடைக்குமென்றால் அந்த 342-ஐ இழப்பதில் தவறில்லை. மெடிக்கெய்ட் நீடிக்க எஸ்எஸ்ஐ ஒரு டாலராவது வந்துகொண்டிருந்தால் போதும்.

சாப்பாட்டுக்கும் இதே கழிவு அண்மைக்காலம்வரை இருந்தது. அக்கா வாராவாரம் மளிகை வாங்கிக் கொடுத்தால் அதையும் கேட்டு எழுதிக்கொண்டு தொகையைக் குறைப்பார்கள். உடன்பிறந்தவள் போடும் சோற்றை வருமானமாகக் கணக்கிட்ட அந்த விதி 2024 செப்டம்பர் 30-இல் ஒழிந்தது.

டிரஸ்டைவிட எளிய கருவி ஒன்றும் உண்டு. 2014 டிசம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட ஏபிள் சட்டம், உடற்குறை உள்ளவர் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் சேமிப்புக் கணக்கை உருவாக்கியது. டவுன் சின்ட்ரோம் உள்ள மகளுக்காக இந்த யோசனையைப் பல ஆண்டுகள் சுமந்து போராடிய ஸ்டீபன் பெக் ஜூனியர் என்ற தந்தையின் பெயரைச் சட்டத்துக்கு வைத்தார்கள். அது சட்டமாவதற்குச் சில நாள் முன்பு அவர் இறந்துவிட்டார். கணக்கில் உள்ள முதல் 100,000 டாலரை எஸ்எஸ்ஐ பார்ப்பதில்லை. அதைத் தாண்டினால் உதவித்தொகை இடைநிற்கும், மெடிக்கெய்ட் நிற்காது. வாடகையை இதிலிருந்து கட்டினால் கழிவும் இல்லை. அதனால் விவரம் தெரிந்த டிரஸ்டிகள் டிரஸ்டிலிருந்து ஏபிள் கணக்குக்கு மாற்றி, அங்கிருந்து வீட்டு வாடகையைக் கட்டுகிறார்கள். சட்டப்படியே செய்யக்கூடிய சாமர்த்தியம்.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஆண்டுக்கு வெளியிலிருந்து போடக்கூடியது 2025-இல் 19,000 டாலர். 40,000-ஐ ஒரே மூச்சில் உள்ளே தள்ள முடியாது. குறைபாடு 26 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நெடுநாள் இருந்தது. முப்பதில் விபத்தில் முதுகெலும்பு முறிந்தவருக்கும் நாற்பதில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்தவருக்கும் இடமில்லை. 2026 ஜனவரியிலிருந்து அந்த வயது 46. கணக்குக்காரர் இறந்தபின் மாநிலம் மெடிக்கெய்ட் செலவைக் கேட்கக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

உயில் தொடாத பணம்

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுக் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பத்தின் பெரும்பணம் 401(கே), ஐஆர்ஏ ஓய்வுக்காலக் கணக்குகளிலும் ஆயுள் காப்பீட்டிலும் இருக்கும். இவை உயிலின் வழியாகப் போவதில்லை. வேலையில் சேர்ந்த அன்று நிரப்பிய படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கு நேராகப் போகும். வழக்கறிஞருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து டிரஸ்ட் எழுதியிருப்பார்கள். இருபது வருடத்துக்கு முந்தைய படிவத்தில் ‘பிள்ளைகளுக்குச் சமபங்கு’ என்று இருக்கும். அந்த வரிதான் செல்லும். படிவத்தை டிரஸ்டின் பெயருக்கு மாற்றினால் இன்னொரு சலுகையும் கிடைக்கும்: 2019 சட்டப்படி பெரும்பாலான வாரிசுகள் ஓய்வுக்காலக் கணக்கைப் பத்தாண்டுக்குள் காலி செய்ய வேண்டும், உடற்குறை உள்ளவருக்காக முறையாக எழுதப்பட்ட டிரஸ்ட் அவர் ஆயுளுக்கும் பரப்பி எடுத்துக்கொள்ளலாம்.

டிரஸ்டெல்லாம் எதற்கு, மூத்தவன் பெயருக்கு எல்லாவற்றையும் எழுதினால் தங்கையைப் பார்த்துக்கொள்ள மாட்டானா என்று கேட்கும் பெற்றோரும் உண்டு. பார்த்துக்கொள்வான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் விவாகரத்து செய்தால், கடனில் மூழ்கினால், தங்கைக்கு முன்பே இறந்தால், பணம் சட்டப்படி அவனுடையது. பாசத்தின் மீதான அவநம்பிக்கை அல்ல இது; அவன் மனைவியின் வழக்கறிஞருக்கோ அவன் கடன்காரருக்கோ நம் குடும்பப் பாசம் தெரியாது, அவ்வளவுதான்.

தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு 1996 சட்டத்துக்குப் பின் எஸ்எஸ்ஐ எளிதில் கிடைக்காது. ஆனால் அங்கேயே பிறந்த பிள்ளைகள் குடிமக்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோரின் சம்பளம் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது. மென்பொருள் துறையில் கைநிறையச் சம்பாதிக்கும் வீட்டுப் பிள்ளையும் தன் பெயரில் எதுவுமில்லாததால் எஸ்எஸ்ஐக்கும் மெடிக்கெய்டுக்கும் தகுதி பெறுகிறான். அந்த நேரத்தில் மயிலாப்பூரிலோ மதுரையிலோ இருக்கும் தாத்தா, பேரன் பேத்திகள் எல்லோர் பெயருக்கும் ஒரு பங்கு என்று ஆசையாக உயில் எழுதுகிறார். வெளிநாட்டு மனை என்பதால் அது கணக்கில் வராமல் போவதில்லை; விற்றுக் காசாக்கும் உரிமை இருந்தால் அதுவும் சொத்துதான்.

உயிலே இல்லாவிட்டால் சிக்கல் வேறுவிதம். தாத்தாவின் மகனோ மகளோ ஆன பெற்றோர் முன்பே இறந்திருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி பிள்ளைக்குப் பங்கு தானாகவே வந்து சேரும். நோய், உடற்குறை எதைக் காரணம் காட்டியும் ஒருவரின் வாரிசுரிமையை மறுக்கக் கூடாது என்று அதன் 28-ஆம் பிரிவு சொல்கிறது. மிக நல்ல பிரிவு. பழைய அநீதி ஒன்றைத் துடைத்தெறிந்த பிரிவு. அதுதான் அமெரிக்க அலுவலகத்தின் பார்வையில் பிள்ளையைச் சொத்துக்காரனாக்கிவிடுகிறது. சரி, ஊர் வழக்கப்படி மாமாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றால், சந்தை மதிப்பு வாங்காமல் சொத்தை விட்டுக்கொடுத்த குற்றம், மேலே சொன்ன 36 மாதம். தாத்தா உயிரோடிருக்கும்போதே பேசி, அந்தப் பங்கைப் பிள்ளை பெயருக்கு எழுதாமல் இருக்கச் செய்வது ஒன்றே சுலபமான வழி. பேச்சை எடுப்பதுதான் சுலபமில்லை. ‘நோயாளிப் பிள்ளைக்குப் பங்கில்லையா’ என்ற கேள்வி வரும்; அதற்குப் பதில் சொல்ல மேலே உள்ள அத்தனையையும் விளக்க வேண்டும்.

2,000 டாலர் என்ற எண் எங்கிருந்து வந்தது? 1974-இல் வரம்பு 1,500. எண்பதுகளில் படிப்படியாக ஏற்றி 1989-இல் 2,000-க்குக் கொண்டுவந்தார்கள். அதன்பின் அசையவில்லை. உதவித்தொகை ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப ஏறுகிறது; வரம்புக்கு அப்படி ஒரு ஏற்பாடே கிடையாது. தொடக்கத்து 1,500-ஐ விலைவாசியோடு கூட்டியிருந்தால் இன்று சுமார் 10,000 டாலர் இருக்கும். அதே 10,000-க்கு உயர்த்தச் சொல்லும் மசோதாவை ஜனநாயகக் கட்சியின் ஷெராட் பிரவுனும் குடியரசுக் கட்சியின் பில் கேசிடியும் சேர்ந்தே செனட்டில் கொண்டுவந்தார்கள். நிறைவேறவில்லை. யாரும் எதிர்த்துப் பேசாத, யாரும் நிறைவேற்றவும் செய்யாத மசோதா வகை அது.

டிரஸ்டும் ஏபிள் கணக்கும் இருக்கும்போது வரம்பு எவ்வளவானால் என்ன என்று கேட்கலாம். வழக்கறிஞரைப் பார்க்கும் குடும்பத்துக்கு 2,000 டாலர் வரம்பு உண்மையில் இல்லவே இல்லை. பார்க்காத குடும்பத்துக்கு மட்டும் அது இருக்கிறது. செவிலியர் உதவியாளர் வேலை பார்த்த தாய் விட்டுப்போன 9,000 டாலருக்கு யாரும் டிரஸ்ட் எழுத மாட்டார்கள். எழுதும் கட்டணமே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

ஏபிள் கணக்கும் இல்லையென்றால், அப்படிப்பட்ட சிறுதொகை வந்தவருக்கு மிஞ்சுவது மாதம் முடிவதற்குள் அதைச் செலவழிப்பது. கேட்க விபரீதமாக இருந்தாலும் விதி அனுமதிப்பது இதைத்தான். வந்த மாதத்து உதவித்தொகை போகும். அடுத்த மாதம் முதல் தேதி கையிருப்பு 2,000-க்குள் இருந்தால் மறுபடி தகுதி வந்துவிடும். குடியிருக்கும் சொந்த வீடு, ஒரு கார், வீட்டுச் சாமான்கள் எதுவும் வரம்பில் சேராது. இறுதிச் சடங்குக்கென்று தனியாக 1,500 டாலர் வரை ஒதுக்கலாம். கல்லறை இடம் வாங்கினால் அது அதற்கு மேல். பழைய கடனை அடைக்கலாம், ஒழுகும் கூரையை மாற்றலாம், மெடிக்கெய்ட் தராத பல்செட்டைக் கட்டிக்கொள்ளலாம். தம்பிக்குக் கொடுக்கக் கூடாது, கோயிலுக்குக் கொடுக்கக் கூடாது, இரண்டும் கைமாற்றல். சந்தை விலைக்கு வாங்கியதாக ஒவ்வொன்றுக்கும் ரசீது வேண்டும். ரசீதுகளைப் பிரதி எடுத்துக்கொண்டு, பணம் வந்ததையும் போனதையும் சேர்த்தே அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வர வேண்டும்.